‘ஏழு மடை’யும் என் குறைப் பட்டியலும்

“மழை வந்தா ஆடெல்லாம் ஒதுங்க எடம் தேடி ஓடுதுடே. ஆனா நம்மாளு வீட்டுக் கதவத்தான் தொறக்க முடியல.”

ஒரு சனிக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இருந்த மாணவன் இதைச் சொன்னான். நான் ஏறும்போது அவர்கள் மடியில் பார்த்த துணிப்பைகளை வைத்து, கிருஷ்ணன்கோவில் விடுதியிலிருந்து வாரக் கடைசிக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சொன்ன ஆடுகளை எனக்குத் தெரியும். அந்தக் கதவை இன்னும் நன்றாகத் தெரியும். அது என் பட்டியலில் பதினேழாவது குறை.

வீடியோ கேம் கம்பெனியில் வேலை என்றால் நாள் முழுக்க விளையாட்டுதான் என்று நினைக்கிறார்கள். என் வேலை, விளையாடியவர்கள் திட்டுவதைப் படிப்பது. நீங்களும் கேஸ் ஏஜென்சியிலோ, கரண்ட் ஆபீஸிலோ, கஸ்டமர் கேரிலோ உட்கார்ந்து அடுத்தவர் கோபத்தைக் குறித்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறவராக இருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நாலு கட்டம்

எங்கள் கம்பெனி ராஜபாளையத்தில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடி. மொத்தம் மூன்று பேர். தர்மராஜ் அண்ணன் பெங்களூரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஆறு வருடம் உட்கார்ந்து ‘ஏழு மடை’ என்ற கேமைச் செய்தவர். முத்துமாரி அதற்குப் படம் வரைந்தவள், சுந்தரபாண்டியத்துக்காரி. நான் கேம் வெளியான பிறகு வந்து சேர்ந்தவள். எம்.ஏ. படித்திருந்தும் ஆட்களிடம் பேசத் தெரியாத நான், எழுத்தில் பதில் சொல்கிற வேலை என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் ஏறச் சம்மதித்துவிட்டேன்.

கேமில் நாம்தான் நீர்பாய்ச்சி. ஏழு மடை உள்ள கண்மாயிலிருந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் ஆள். ஊரில் அறுபது குடும்பம். யாருக்குத் திறந்தோம், யாரிடம் பொய் சொன்னோம் என்பதை ஊர் மறக்காது. பத்து வருட வாழ்க்கையை அப்படி வாழ வேண்டும். நினைத்துப் பார்த்தால் பெரிய ஆசை. நடைமுறையில் கதவு திறக்காது, ஆட்கள் முழங்கால் வரை தரையில் புதைந்து நடப்பார்கள், சில நேரம் கேமே நின்றுவிடும்.

அண்ணன் முதல் நாளே எனக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். நாலு கட்டம். என்ன நடந்தது, எங்கே நடந்தது, எந்தக் கம்ப்யூட்டரில், மறுபடி வரவைப்பது எப்படி. வருகிற மடல்களையும் விமர்சனங்களையும் நான் படித்து, குறையை மட்டும் அதில் ஏற்ற வேண்டும். காலை பத்து மணிக்கு அவர் பட்டியலைத் திறப்பார். மடல்களை அவர் தொடவே மாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: “நேரா படிச்சா அன்னைக்கு எனக்கு வேலை ஓடாதும்மா. நீ வடிகட்டிக் குடு.”

கோபுரத்து ஆடு

எங்கள் கேமின் ஆடுகள் புத்திசாலிகள். வெயிலில் நிழல் தேடும், மழையில் ஒதுங்கும், திறந்த வீட்டுக்குள் புகுந்து காயப்போட்ட நெல்லைத் தின்னும். அவற்றுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்க அண்ணன் ஏழு மாதம் எடுத்துக்கொண்டாராம். எங்கே நிற்கக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

மதுரையிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கேமில் வரும் கோயிலின் கோபுர உச்சியில், கலசத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளாடு. மழைக்கு ஒதுங்கப் போய் எப்படியோ ஏறியிருக்கிறது. மூன்று நாளாக (கேமின் கணக்கில்) அங்கேயே நிற்கிறதாம். கேமை மூடித் திறந்து பாருங்கள், சரியாகிவிடும் என்று வழக்கமான பதிலை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “மூடித் திறந்தால் அது போய்விடும் என்று தெரியும் மேடம். பாவம், அது இறங்குவதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.”

செருப்பு

முத்துமாரியின் பெரியப்பா ஒரு நாள் டயர் மாற்ற வந்தவர், அப்படியே மாடிக்கும் வந்தார். சுந்தரபாண்டியத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவர். அவருக்கு உட்கார நாற்காலி போட்டு, முத்துமாரி பெருமையாகக் கேமைத் திறந்து காட்டினாள். மடை திறந்து தண்ணீர் வாய்க்காலில் இறங்குவதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பள்ளம் பார்த்துச் சரியாகத்தான் போகிறது என்று ஒத்துக்கொண்டார். பிறகு நாற்று நடும் பெண்களைக் காட்டி, சேற்றில் எவளாவது செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குவாளா என்று கேட்டார்.

முத்துமாரி முகம் சுருங்கிவிட்டது. படம் வரைந்தவள் அவள்தான். நான் அதையும் ஒரு குறையாகப் பட்டியலில் ஏற்றினேன். கேட்டவர் வாடிக்கையாளரா இல்லையா என்று கட்டம் எதுவும் இல்லையே. அப்போது பட்டியலின் தலையில் வேறொரு பெரிய குறை இருந்தது. ஒரு வகைக் கம்ப்யூட்டரில் கேம் திறக்கவே இல்லை என்று எட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். அடுத்த நாலு நாளும் அண்ணன் ராப்பகலாக வேலை பார்த்தார். ஐந்தாம் நாள் கேமின் புதிய பதிப்பு வந்தது. நாற்று நடும் பெண்கள் எல்லோரும் வரப்பில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். கரையேறும்போது அவரவர் செருப்பை அவரவர் தேடிப் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முத்துமாரி என் பக்கம் குனிந்து சொன்னாள்: “எட்டுப் பேரு வாசல்ல நிக்காவ, அவியளுக்குத் தொறக்க ஆளில்ல. உள்ள இருக்கவளுக்கு செருப்பக் கழட்டி வச்சாச்சு.”

சண்டை எப்போது

பொறியியல் மாணவர்கள் இரண்டு பேரை வரவழைத்து, அவர்கள் விளையாடுவதை நான் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பேசக் கூடாது, உதவி செய்யக் கூடாது என்பது விதி. எனக்கு ஏற்ற விதி. ஒருவன் ஒரு மணி நேரத்தில் கழன்றுகொண்டான். கத்தி எங்கே, எதிரி எங்கே என்று தேடி, மண்வெட்டியால் ஒரு ஆலமரத்தை வெட்டிப் பார்த்து, அது சாயவில்லை என்றதும் டீ குடிக்கப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ரோல்-பிளேயிங் கேம் என்று விளம்பரம் செய்தால் வாளும் டிராகனும் எதிர்பார்ப்பது நியாயம்தான். நாங்கள் கொடுத்தது மண்வெட்டியும் முறைத் தண்ணீரும்.

இன்னொருவன் ஆடிக்கொண்டே இருந்தான். கடைமடையில் வயல் வைத்திருக்கும் பேச்சியம்மாளிடம், உன் முறை நாளைக்குத்தான் என்று ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டு, மேல்வயல்காரருக்கு மடையைத் திறந்துவிட்டான். மேல்வயல்காரர் அவனுக்கு ஒரு சேவல் கொடுத்தார். மறுநாள் டீக்கடையில் அவனுக்குக் கடைசியாக டீ வந்தது. அதற்கு மறுநாள் தலைமுடி வெட்டுகிறவர் வேலை இருக்கிறது என்றார். யாரும் அவனைத் திட்டவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது. திரையில் மதிப்பெண் எதுவும் குறையவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. விதியை மறந்து என் பக்கம் திரும்பிவிட்டான்: “எக்கா, ஒரே ஒரு பொய்தான்க்கா சொன்னேன். அதுக்கு இம்புட்டா?”

நாற்பத்தோரு நிமிடம்

கேம்களை ஆடிக் காட்டிப் பேசும் ஒருவர் ‘ஏழு மடை’யை எடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். முத்துமாரி முறுக்கு வாங்கி வந்திருந்தாள். அவர் நல்ல பேச்சுக்காரர். ஆரம்பத்திலேயே சொந்த வீட்டுக் கதவு திறக்காமல் வெளியே மாட்டிக்கொண்டார். அதை வைத்து எட்டு நிமிடம் பேசினார். நாங்களே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டோம். முழங்கால் வரை தரையில் புதைந்த நாட்டாமையிடம், நட்டு எத்தனை நாள் ஆச்சு, எப்போ அறுவடை என்று கேட்டார். பிறகு, இதற்குமேல் என்னால் முடியவில்லை என்று கும்பிட்டு முடித்துக்கொண்டார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் என் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவைதான்.

அதற்கப்புறம் வந்த விமர்சனங்களில் பாதி, அவருடைய கேலியையே திருப்பிச் சொன்னவை. கதவைத் தொடாமலே கதவைத் திட்டியவர்கள் இருந்தார்கள். ஒருவர் ஒரு நாள் பேசியதையே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால், அப்புறம் அது பேச்சு இல்லை, முகவரி ஆகிவிடுகிறது. எங்கள் கேமுக்கு அந்த முகவரி நிலைத்துவிட்டது. அன்றைக்கு அந்த வீடியோ முடிந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான், அவர் மொத்தம் எவ்வளவு நேரம் ஆடினார் என்று. நாற்பத்தோரு நிமிடம் என்றேன். முறுக்குப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: “மழையே மூணாவது மணி நேரத்துலதானம்மா வரும்.”

பதில் வேண்டாத மடல்

ஒரு ராணுவ வீரர் எழுதியிருந்தார். ஊர் நம் பக்கம்தான் என்றார், இருக்கும் இடம் சொல்லவில்லை, பனி என்று மட்டும் எழுதியிருந்தார். விடுமுறையில் வந்தபோது மடிக்கணினியில் ‘ஏழு மடை’யை ஏற்றிக்கொண்டு போனவர், வேறு எதுவும் கிடைக்காததால் கடைசிவரை ஆடியிருக்கிறார்.

அவரும் முதல் வருடம் பேச்சியம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் கொடுப்பதில்லை. அவள் பயிர் கருகும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். ஏழாவது வருடம் கண்மாய் வற்றி, நீர்பாய்ச்சி வீட்டுக் கிணறும் வற்றிப்போகும். ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால் பேச்சியம்மாள் ஒரு குடம் தண்ணீரை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த இடத்தில் வசனம் கிடையாது, இசை கிடையாது. (கதவு திறக்காதவர்களுக்கு அந்தக் குடம் வெளியேதான் இருந்திருக்கும்.) வீரருக்கும் அவர் அண்ணனுக்கும் ஊரில் பொதுக் கிணறு. முறைத் தகராறில் ஆறு வருடம் பேச்சு இல்லை. குடத்தைப் பார்த்த மறுநாள் தன் அண்ணனுக்குப் போன் போட்டாராம். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள், ஊரில் மழை உண்டா என்று கேட்டேன், உண்டு என்றான், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார்.

நான் இரண்டு தடவை படித்தேன். என்ன நடந்தது, எங்கே, எந்தக் கம்ப்யூட்டரில், மறுபடி வரவைப்பது எப்படி. எந்தக் கட்டத்திலும் அது உட்காரவில்லை. அதனால் இந்த மாதிரி மடல்களுக்காக நான் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ‘குறை அல்ல’ என்ற தனி அறைக்கு அதை நகர்த்தினேன். பதிலும் போடவில்லை, ஏனென்றால் கடைசி வரி இப்படி இருந்தது: “இது கம்ப்ளெயிண்ட் இல்லை மேடம். பதில் தேவையில்லை.”

ஒரு ஆள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு கம்பெனி பெரிய வேலைக்குக் கூப்பிடுகிறது. ஒரே நிபந்தனை, சொந்தமாக வேறு கேம் எதுவும் விற்பனையில் இருக்கக் கூடாது. ‘ஏழு மடை’யை எடுத்துவிட, அதை விற்கும் ஆன்லைன் கடைக்கு எழுதிப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவை உறுதி என்று அழுத்தினால் போதும், அது இருந்த இடம் தெரியாது. எங்களுக்கு அடுத்த மூன்று மாதச் சம்பளம் உண்டு, வேறு இடத்துக்கும் சொல்லி வைக்கிறேன் என்றார். முத்துமாரி, வேண்டாம்ணே என்று ஆரம்பித்தாள். ஆறு வருடம் வரைந்தவள் அவள். அவர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்: “பதினாலு மாசமா காலைல பத்து மணிக்கு அந்தப் பட்டியலப் படிக்கேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு நல்லாருக்குன்னு எழுதியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன் மாரி.”

ஜெராக்ஸ் கடை

‘குறை அல்ல’ அறையில் இருநூற்றுச் சொச்சம் மடல்கள் இருந்தன. அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. வாய் திறக்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன். வழி முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். குறையை மட்டும்தான் கேட்டார், அதைத்தான் கொடுத்தேன். வடிகட்டச் சொன்னார், வடிகட்டினேன். அப்புறம் அந்த வீடியோக்காரர் நினைவுக்கு வந்தார். அவராவது நாற்பத்தோரு நிமிடத்தில் விட்டுவிட்டார். பதினாலு மாதம் தினமும் உட்கார்ந்து, அந்தக் கேமை நேசித்த ஒவ்வொருவரையும் அதைச் செய்தவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்தது நான். இந்தக் கேமை ஏன் யாரும் மதிக்கவில்லை என்று முத்துமாரியும் நானும் எத்தனையோ மதியம் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட என் மேசை வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் அச்செடுத்தேன். காகிதமாக இருந்தால் நான் பேச வேண்டியதில்லை. கடைக்காரர் மிஷின் ஓடும் நேரத்தில், வந்து விழும் தாள்களை எடுத்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர். இரண்டாவது கட்டு முடியும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, இத்தன பேரு இந்தப் பேச்சியம்மாளப் பத்தியே எழுதியிருக்காவளே, அவிய உங்க சொந்தமா?”

பத்து மணி

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பட்டியலுக்குப் பதிலாகக் காகிதக் கட்டை அண்ணன் மேசையில் வைத்தேன். ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன், ஆனால் வந்தது வேறு. இதில் குறை எதுவும் இல்லை, அதனால்தான் காட்டவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதல் தாளை எடுத்தார். அதற்கப்புறம் நான் என் இடத்துக்கு வந்து, இல்லாத மடலுக்குப் பதில் எழுதுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தேன். மதியம் அவர் அம்மா போன் செய்தபோது, பிறகு பேசுவதாக வீட்டில் பேசும் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். சாப்பாட்டுப் பை பிரிக்கப்படவில்லை.

முத்துமாரி என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஏட்டி, நீ வாயத் தொறந்து ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா, பதினாலு மாசம் நானும் வீட்ல நிம்மதியா சோறு தின்னிருப்பேன்லா.”

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை நாங்கள் வந்தபோது அண்ணன் ஏற்கெனவே இருந்தார். கட்டு முழுவதும் புரட்டப்பட்டிருந்தது. அவர் திரையில், அன்றைக்குள் அழுத்த வேண்டிய, கேம் கடையின் உறுதிப்படுத்தும் பக்கம் திறந்திருந்தது. ஆம் என்று ஒரு பொத்தான், இல்லை என்று ஒரு பொத்தான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்காதது மாதிரி பார்த்தோம். அவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“நான் இத முழுசா வெளையாண்டதே இல்லம்மா,” என்றார். “எங்க ஒடஞ்சிருக்கோ அங்க நேரா போயி ஒக்காந்துருவேன்.”

பிறகு என் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ‘புதிய ஆட்டம்’ என்பதை அழுத்தி, பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரைத் தட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு தடவை கூப்பிட்டும், சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வாரோம்ணே என்று சொல்லியும், எழுந்திருக்கவில்லை.